தோள் மாற்றுதல்

ஒத்தக்கடையை அடுத்த யானைமலையின் அடிவாரத்தில், ஸ்ரீ யோக நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் குடைவரையில் கிரந்தத்திலும் வட்டெழுத்திலும் சாஸனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் காலம் கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரியாகிய மாறன் காரி இக்கற்றளியைக் குடைவித்தான்; ஆனால் நீர்தெளித்துப் பிரதிஷ்டை செய்யுமுன்னரே பரமபதம் அடைந்தான். அவன் தம்பி மாறன் எயினன் அப்பதவியை ஏற்று, முகமண்டபமும் சமைத்து, நீர்தெளித்து முடித்தான். முடித்தவன் தன் பெயரை மட்டும் வெட்டுவித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஒருவன் தொடங்கியதை மற்றொருவன் தோள்கொடுத்து நிறைவேற்றினான் என்பதைக் கல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்று அதே மலையைப் பார்த்தவாறு விவசாயக் கல்லூரியும், 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளையும், மேலூர்ச் சாலையின் கடைகளும் இயங்குகின்றன. வக்கீல் குமாஸ்தா, லாரி ஓட்டுநர், நெல் விலைக்குக் காத்திருக்கும் குடியானவர் என யாவரும் ஸந்நிதிக்கு வருகின்றனர். நெஞ்சில் உள்ளதைப் பெருமாளிடம் சொல்லுகின்றனர். பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுவதில்லை. ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் இளப்பம் என்பது வீட்டிலேயே கற்பிக்கப்படும் பாடம். அதன் விலை சிறிதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் தம்முயிரை மாய்த்துக்கொண்டவர் 1,70,000க்கும் மேற்பட்டோர். பத்துப் பேரில் ஏழு பேர் ஆடவர். நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். காரணங்கள் பல உண்டு. மௌனம் அவற்றை மேலும் கனக்கச் செய்கிறது.

பெருமாள் இருக்க மனிதத் துணை எதற்கு, அது பக்திக்குக் குறையன்றோ எனச் சிலர் வினவுவர். மாசி உத்ஸவத்தில் இங்கே நடைபெறும் கஜேந்திர மோக்ஷத்தையே அவர்கள் சான்று காட்டுவர்: உடனிருந்த யானைகளால் முதலையினின்று மீட்க முடியவில்லையே என்பர். உண்மைதான். ஆயினும் அவை கரையில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை; பற்றி இழுத்துப் பார்த்தன என்கிறது ஸ்ரீமத் பாகவதம். இழுத்த யானைகளை எம்பெருமான் கோபித்ததாக எங்கும் இல்லை.

கீதையின் தொடக்கமோ இன்னும் தெளிவானது. அர்ஜுனன் கலங்கியது வீட்டில் அன்று, தொழிற்களத்தில். வில் நழுவுகிறது, உடல் நடுங்குகிறது, நிற்க இயலவில்லை. மாவீரன் இவற்றை ஒளிக்காமல் தேரோட்டியிடம் சொல்லுகிறான். முதல் அத்தியாயம் முழுவதிலும் கண்ணன் பேசுவது, கூடியிருக்கும் கௌரவர்களைப் பார் என்னும் ஒரு சொல் மட்டுமே. பிறகு நண்பன் சொல்லி முடித்து வில்லை வைத்து அமரும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறான். கடிந்துரைத்ததும், தத்துவம் உபதேசித்ததும் அதன் பின்னரே. இக்காலத்து நண்பர்களுள் பலர் முதல் வாக்கியத்திலேயே உபதேசத்தைத் தொடங்கிவிடுகின்றனர்! மேலும், ஸகாவாக வந்தவன் போரை நீக்கிவிடவில்லை. தேரை விட்டு இறங்கவுமில்லை. ஆகவே, கூலியைக் குறைத்து வேலையை ஏற்றும் முதலாளி, தொழிலாளிக்குத்தான் நண்பர்கள் இருக்கிறார்களே என்று தன் கடமையிலிருந்து தப்ப இயலாது.

கூடுவதெல்லாம் நட்புமாகாது. மதுக்கடை வாசலிலும் ஆடவர் தினந்தோறும் கூடுகின்றனர். அங்கே பாரம் இறங்குவது போலத் தோன்றி, விடிந்ததும் வீட்டாரின் தலையில் ஏறுகிறது.

வேறொரு கூட்டமும் இவ்வூர்ப்பக்கம் உண்டு. திருமோகூர்க் காளமேகப் பெருமாளுக்கு வழித்துணைப் பெருமாள் என்னும் திருநாமம் வழங்குகிறது. அப்பெருமாளைச் சுமந்துவரும் ஸ்ரீபாதந்தாங்கிகளைச் சேவார்த்திகள் சற்றே கவனிக்க வேண்டும். தோளுக்கினியான் என்பது பல்லக்கின் இனிய பெயர். தோளுக்கு அது கனமாகவே இருக்கிறது. நெடுவழியில் ஒருவருடைய நடை தளர்வதைப் பக்கத்தவர் காலடியிலேயே அறிந்துகொள்கிறார். "அண்ணே, விலகிக்கிடுங்க" என்கிறார். அதற்குள் தண்டின் கீழ் அவருடைய தோள் வந்துவிடுகிறது. தளர்ந்தவர் கேட்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்கிறார். சிறிது தூரம் சென்றதும் அடுத்தவருடைய காலடியைப் பார்க்கத் தொடங்குகிறார்.