எழுதி வைப்பதும் தர்மமே

திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் போதும். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் தனித்தனி ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். அண்ணன் மரத்தடியில், தம்பி டீக்கடையில், தங்கை ஓரமாக ஒரு பெஞ்சில். தகப்பனார் காலமாகிச் சில மாதம்தான் ஆகியிருக்கும். நான்குவழிச் சாலை வந்தபின் கரிசல் காடெல்லாம் மனைக்கட்டாக மாறிவரும் ஊர் இது. பருத்தி விளைந்த காலத்தில் பேச்சில்லாமல் கிடந்த நிலத்துக்கு இன்று கூடப்பிறந்தவர்கள் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள்.

அந்தத் தகப்பனாரிடம் உயிரோடு இருக்கையில் உயில் எழுதச் சொல்லியிருந்தால், "எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார்" என்றிருப்பார். அய்யா பார்த்துக்கொள்வார் என்பது சத்தியம். ஆனாலும் விதைக்காமல் விளையட்டும் என்று எந்தச் சம்சாரியும் இருப்பதில்லை. தான் தீர்க்க வேண்டிய நியாயத்தைப் பிள்ளைகள் தலையில் இறக்கிவிட்டு, அதற்குப் பக்தி என்று பேர் வைக்கலாமா? தகப்பன் பேசாமல் விட்ட இடத்தில் கலி பேசத் தொடங்கும்.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்து தாய், மனைவி, மகன்கள், மகள்களுக்குச் சம பங்காகச் சேரும். பூர்வீகச் சொத்திலும் 2005 முதல் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு. சட்டம் இவ்வளவு நேராக இருக்கும்போது, சிலர் உயில் எழுதுவதே மகளுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாச்சே" என்பார்கள்.

தான் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதச் சட்டம் இடம் தருகிறது. தர்மம் இடம் தருமா என்பதே கேள்வி. சாதி பேதமில்லாமல் எல்லாரும் ஒரே நீரில் குளிக்க முத்திரிக் கிணறு தந்தவர் அய்யா வைகுண்டர். அந்தப் பதம் விட்டு வந்தவர், தன் வீட்டுக்குள் மகன் என்றும் மகள் என்றும் பேதம் வைக்கலாமா? மகளுக்குப் போட்ட நகையைக் கணக்கில் எடுத்தால், மகன் படிப்புக்குக் கட்டிய பணத்தையும் கடைக்குக் கொடுத்த முதலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நடக்க முடியாத பிள்ளைக்கோ கணவனை இழந்த மகளுக்கோ கூடுதலாக எழுதுவது பேதமல்ல. அது மெலிந்தவரைக் காப்பது. அதற்கான காரணத்தை உயிலிலேயே எழுதிவிட்டால் மற்றப் பிள்ளைகளின் மனம் நோகாது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் மேல் கோபம் வந்தால், "எல்லாவற்றையும் நிழல் தாங்கலுக்கு எழுதி வைக்கிறேன்" என்று கிளம்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். காணிக்கை கேட்காத வழி இது. மனைவியை வாடகை வீட்டில் விட்டுவிட்டுத் தாங்கலுக்கு எழுதும் நிலம் அய்யாவுக்கு உகந்ததாகுமா? முதலில் வீட்டில் தாழ்ந்து கிடப்பவரைத் தாங்க வேண்டும். அதற்குப் பிறகு மனமுவந்து அன்னதானத்துக்கு ஒரு பங்கு வைத்தால் அது தர்மம்.

எழுதினால் மட்டும் போதாது, நல்ல கையிலும் ஒப்படைக்க வேண்டும். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமாகும் முன் தம் செல்வத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். பொறுப்பில் இருந்தவர்களின் தகராறால் அந்தச் சொத்து நீதிமன்றத்தில் பல ஆண்டு கிடந்தது. அவர் பேரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். எழுத்து இருந்ததால்தான் 48 ஆண்டு கழித்தாவது தர்மம் பிழைத்தது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதுகிறவர் கையெழுத்திட, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்தால் பின்னாளில் சந்தேகம் குறையும். உயிருள்ளவரை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். வங்கியில் நாமினி என்று பேர் கொடுத்தாலே அந்தப் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவரே அவர். உயிலுக்குப் பதிலாக இப்போதே தானசெட்டில்மென்ட் எழுதுகிறவர்கள், தங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் அவசியம் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் தவறினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அதுவே ஆதாரம்.

எழுதி முடித்த பிறகு அன்பர் ஒருவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். நெற்றியில் நாமம் இட்டு, பள்ளியறைக் கண்ணாடி முன் நின்று, தான் எழுதியதை ஒருமுறை மனதுக்குள் வாசிக்கட்டும். மகளின் பேர் வரும் இடத்தில் தன் கண்ணைத் தானே பார்க்க முடிந்தால் அந்த உயில் சரி. பார்வை தாழ்ந்தால், இன்னும் நேரம் இருக்கிறது. மாற்றி எழுதலாம்.

அய்யா உண்டு.