அத்தரும் அமானிதமும்

ஜும்ஆ நாளில் குளித்து, இருப்பதில் நல்ல ஆடையை அணிந்து, நறுமணம் பூசிக்கொண்டு பள்ளிக்கு வருவது சுன்னத் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தைப் பெரிதும் விரும்பினார்கள். அன்பளிப்பாக வந்த நறுமணத்தை அவர்கள் மறுத்ததில்லை என்று ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. ஆகவேதான் நம்மவர் வீட்டு அலமாரியில் வேறு எது இல்லாவிட்டாலும் ஓர் அத்தர் குப்பி இருக்கும்.

இந்த அத்தரைப் பற்றி மஸ்அலா கேட்போர் பலர். கம்பைநல்லூர் போன்ற சிற்றூரிலும் இந்தக் கேள்விக்குக் குறைவில்லை. "ஹஜ்ரத், இதில் ஸ்பிரிட் கலந்திருக்குமா? இதைப் போட்டுக்கொண்டு தொழலாமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், "இது என் தோலுக்கு ஆகுமா? என் குழந்தைக்குத் தடவலாமா?" என்று நம்மிடம் கேட்டவர் மிக அரிது. ஸ்பிரிட் இல்லை, மூலிகையிலிருந்து எடுத்தது, ஆகவே ஹலால் என்று ஒரு படி ஏறுகிறோம். ஹலால் ஆகையால் தீங்கு செய்யாது என்று அடுத்த படிக்குத் தாவுகிறோம். முதற்படி சரி. இரண்டாவது படியைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உண்ணும் பொருளைப் பற்றிப் பேசும் இறைமறை, ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. ஆகுமானதாக இருந்தால் மட்டும் போதாது. நல்லதாகவும் இருக்க வேண்டும். தேன் ஹலால், அதில் நிவாரணம் இருப்பதாகவும் மறை கூறுகிறது. அதற்காக நீரிழிவுக்காரருக்குக் கிண்ணம் நிறையத் தேனை ஊற்றிக் கொடுப்போமா? பொருளின் ஹுக்ம் ஒன்று. இன்ன மனிதருக்கு இன்ன அளவில் அது என்ன செய்யும் என்பது வேறொன்று. இரண்டும் மார்க்கத்தின் கேள்விகளே. உடல் நமக்குச் சொந்தமானதன்று, அமானிதமாகத் தரப்பட்டது என்று மிம்பரில் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்வியை மட்டும் மருந்துக்கடைக்காரரிடம் தள்ளிவிடுவது முறையன்று.

வாசனைத் தைலம் என்பது என்ன? பூவையோ இலையையோ பட்டையையோ நீராவியில் வடித்து, அதன் சாரத்தை மட்டும் பிரித்து எடுப்பது. இக்கலையில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி, நறுமணப் பொருள்களை வடிப்பது பற்றியே தனி நூல் எழுதினார். ஒரு கிலோ ரோஜாத் தைலம் எடுக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ இதழ்கள் தேவைப்படும். ரோஜாவை முகர்பவர் பூவை முகர்கிறார். அதன் தைலத்தை ஒரு சொட்டுத் தடவுபவரோ கைநிறையப் பூக்களின் சாரத்தை ஒரே இடத்தில் வைக்கிறார். இலவங்கத்தை வாயில் அடக்கிக்கொள்வதும், இலவங்கத் தைலத்தை ஈறில் அப்படியே ஊற்றிப் புண்ணாக்கிக்கொள்வதும் ஒன்றாகுமா? "இயற்கையானது" என்ற சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் புழங்குவது நீலகிரித் தைலம். ஊட்டிக்குப் போய் வருகிறவர் வர்க்கியோடு இதையும் ஒரு புட்டி வாங்கி வராமல் இருப்பதில்லை. அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1790ஆம் ஆண்டளவில் திப்பு சுல்தான் நந்திமலைத் தோட்டத்தில் அதை நட்டதாக வனவியல் நூல்கள் கூறுகின்றன. (நமது பாராமகாலும் அப்போது அவருடைய ஆட்சியில்தான் இருந்தது, 1792இல் கைமாறியது.) நீலகிரிக்கு அது வந்தது 1843இல். இன்று சளி என்றால் நெஞ்சில், தலைவலி என்றால் நெற்றியில், கைக்குழந்தை இருமினால் அதன் மூக்கடியில் என்று எல்லாவற்றுக்கும் அதுவே. பெரியவர்கள் சிறிதளவு வெளியே தடவுவதில் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் குழந்தையின் மூக்கருகே நீலகிரித் தைலம், கற்பூரம், புதினா உப்பு ஆகியவற்றைத் தடவினால் மூச்சு திணறக்கூடும். தவறி விழுங்கிவிட்டால் சிறிதளவும் வலிப்பை உண்டாக்கும். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். கற்பூரம் மிகுதியாகக் கலந்த எண்ணெயை அமெரிக்க அரசு 1980களின் தொடக்கத்தில் கடைகளிலிருந்து அகற்றியது. பூசும் மருந்துகளில் கற்பூரம் 11 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்றும் வரையறுத்தது. நாமோ வெறுங் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கண்ணளவுக்குப் போட்டுக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தேய்க்கிறோம்.

பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர்கள் தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் நான்காண்டுகள் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று கவனிக்கத்தக்கது. வலிப்புடன் வந்த பெரியவர்கள் 350 பேரில் 55 பேருக்கு, அதற்குச் சற்று முன் நீலகிரித் தைலமோ கற்பூரமோ கலந்த பொருளைப் பயன்படுத்தியது தெரியவந்தது. உட்கொண்டவர், முகர்ந்தவர், பூசியவர் என மூவகையினரும் அவர்களில் இருந்தனர். வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கென்று விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆஸ்பிரின் மாத்திரையின் இனத்தைச் சேர்ந்த மருந்து. ஒரு தேக்கரண்டித் தைலம் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இந்தப் புட்டி இருக்கவே கூடாது.

இனி, நம் சமுதாயத்தவரே கூடுதலாகக் கையாளும் கருஞ்சீரக எண்ணெய்க்கு வருவோம். கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்துள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஹதீஸில் சிறப்பிக்கப்பட்டது விதை. இன்று கைப்பேசியில் ஆர்டர் செய்து வாங்கும் குப்பியை நீர்த்துவிடாமல் முகப்பருவின் மீதும் படையின் மீதும் இரவெல்லாம் பூசிவைப்பது நம்முடைய ஏற்பாடு. அப்படிப் பூசியதால் தோல் சிவந்து, கொப்புளம் கண்ட நோயாளிகளைப் பற்றி 1990களிலிருந்தே ஐரோப்பிய மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. "எரிகிறது" என்று பிள்ளை சொன்னால், "ஈமானோடு பூசு, நிற்கும்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம் மதிக்கும் பெரியவர்கள்தாம். எனினும் எரிச்சலை ஈமானின் அளவுகோலாக்க நபியவர்கள் எங்கும் கற்பிக்கவில்லை.

பிறருடைய தோல் என்று வரும்போது விஷயம் இன்னும் கனமாகிறது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்து அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்ற ஹதீஸில் வந்துள்ளது. இதனை அடிப்படையாகக் கொண்டு ஃபுகஹாக்கள் 'ளமான்' எனும் ஈடு கொடுக்கும் பொறுப்பைப் பற்றி விரிவாகப் பேசியுள்ளார்கள். பள்ளி வாசலில் நண்பரின் கையில் அத்தர் தடவுகிறவர் மருத்துவர் அல்லர், அன்பு செய்கிறவர். ஆனால் "இதைத் தடவு, கட்டி கரையும், மருந்தெல்லாம் நிறுத்திவிடு" என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்தக் கணத்தில் அவர் மருத்துவராகிவிட்டார் என்பதே நம் கருத்து. நல்ல நிய்யத் அவரைப் பாவத்திலிருந்து காக்கலாம், பொறுப்பிலிருந்து காக்காது.

விற்பவருடைய பொறுப்போ இதைவிடப் பெரிது. கன்னோஜில் பரம்பரையாக அத்தர் வடிப்பவர்கள் செப்புப் பானையில் பூவை இட்டு, மூங்கில் குழாய் வழியே ஆவியைக் கொண்டுபோய்ச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தனம்தான் அத்தரின் உடல். நம் மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் பக்கத்து ஜவ்வாது மலையிலும் விளையும் சந்தனம் எவ்வளவு அருமையானது என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியதும் சந்தன எண்ணெயின் இடத்தில் லிக்விட் பாரஃபினும் வேறு இரசாயனத் திரவங்களும் வந்துவிட்டன. மலிவு அத்தர் பலவற்றில் மணமும் செயற்கையே. செயற்கையாக இருப்பது மட்டும் குற்றமன்று. அதைச் 'சுத்தமான சந்தன அத்தர்' என்று எழுதி விற்பதே குற்றம். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் நபியவர்கள் கையை விட்டுப் பார்த்துக் கண்டித்த வரலாற்றைத் தராசு பிடிக்கும் ஒவ்வொருவரும் கேட்டிருப்பர். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் தோலில் பூசுகிறவர், ஒவ்வாமை வந்தால் மருத்துவரிடம் எதைச் சொல்வார்?

ஒவ்வாமை என்றதும், "பத்து வருடமாகத் தடவுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஒவ்வாமையின் இயல்பே அதுதான். பலமுறை ஒன்றும் ஆகாது. உடல் ஒருநாள் அதைப் பகையாக எண்ணத் தொடங்கிவிட்டால், பிறகு சிறு துளிக்கும் அரிப்பும் தடிப்பும் வரும். பெரும்பாலும் அது ஆயுள் முழுதும் நீங்காது. குப்பி பழையதாகிக் காற்றும் வெயிலும் பட்ட தைலம் இந்த அபாயத்தைக் கூட்டும். ஆகவே இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மணம் மாறியதைத் தோலில் போடலாகாது.

இனிச் செய்முறை. வடித்த தைலம் எதுவாயினும் நேராகத் தோலில் இடவேண்டாம். தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு இரண்டு சொட்டு, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு, போதும். முகத்துக்கு ஒரு சொட்டே மிகுதி. தண்ணீரில் கலந்தால் கலக்காது. மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும். புதிதாக வாங்கியதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் இரண்டுநாள் பார்த்து, சிவக்காவிட்டால் பயன்படுத்தலாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த தைலத்தைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். தக்காளித் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் வேலை செய்கிறவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். எரிச்சல் கண்டால் வெறும் தேங்காயெண்ணெயால் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்கே உரிய ஒன்று. காலையில் முடி வெட்டி, கழுத்தைச் சவரம் செய்து, குளித்த கையோடு அதே கழுத்தில் அத்தர் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சவரம் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அங்கேதான் எரிச்சல் முதலில் பிடிக்கும். காது மடலில் அத்தர்ப் பஞ்சைச் செருகி அதே பஞ்சை வாரக்கணக்கில் வைத்திருப்பதும் அவ்வாறே.

ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவரையும் மறக்கலாகாது. வெங்காயமும் பூண்டும் ஹலாலே. ஆயினும் அவற்றைப் பச்சையாகத் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டதன் காரணம் பிறருக்கு ஏற்படும் தொல்லை. இழுப்பு நோயாளிக்கு மூச்சடைக்கும்படி அத்தரை அள்ளிப் பூசி வருகிறவர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

"நறுமணத்தை மறுக்கலாகாதே, தோலுக்கு ஆகாதவர் என்ன செய்வது?" என்று கேட்கலாம். அன்பளிப்பை மறுக்க வேண்டியதில்லை. சுன்னத் நறுமணம் பூசுவது. அது தோலில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. தடவ வருகிறவர் முதலில் கேட்கட்டும். ஆகாதவர் "ஜஸாக்கல்லாஹ்" என்று சொல்லி, கையை நீட்டுவதற்குப் பதிலாகக் கைக்குட்டையை நீட்டட்டும். வெள்ளைச் சட்டையில் மட்டும் வேண்டாம்; அத்தரின் மஞ்சள் கறை எந்தச் சோப்புக்கும் எளிதில் போகாது.