கூட உட்காருவது யார்?

பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் படப்புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். படம் என்பது எழுத்துக்கு ஏறும் படிக்கட்டு. ஏறியாயிற்று, இனி எதற்கு என்ற கணக்கு. 1658இல் கல்வியாளர் கொமேனியஸ் வெளியிட்ட படப் பாடநூலிலேயே படத்தின் வேலை லத்தீன் சொற்களைக் கற்பிப்பதுதான். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடில்லை.

புதுச்சேரியை அடுத்த எங்கள் பாகூரில் படிப்பின் பெருமை பழையது. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் செப்பேடு சொல்கிறது. அந்தப் படிப்பு சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் வாசலுக்கு வர ஆயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று. ஏரிப் பாசன வயல்களில் நடவு நட்டே முதுகு வளைந்த ஆயாக்கள் பலருக்கு இன்றும் எழுத்தோடு உள்ள உறவு கையெழுத்தோடு சரி. பேரப்பிள்ளை பாடப்புத்தகத்தை விரித்தால் மெல்ல எழுந்து போய்விடுவார்கள்.

படக்கதை என்றால் எழுவதில்லை. எங்கள் தெரு ஆயா ஒருவர், பேத்தி காட்டிய நடவுப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இத யாரு வரைஞ்சது? முன்னால போயிகிட்டே நட்டா, நட்ட நாத்த மிதிச்சிட மாட்டாங்க?” பிறகு திண்ணையில் குனிந்து, பின்னால் நகர்ந்தபடி நட்டுக் காட்டினார். வரைந்தவர் செய்த பிழையால் அன்று அந்த வீட்டில் ஆயாதான் வாத்தியார்.

படத்துக்கு முன்னால் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வரிசை கலைந்துவிடுகிறது. எழுத்து ஓடச் சொல்கிறது. படம் நிற்கச் சொல்கிறது. 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் இதழான அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேதாளம் போட்ட புதிர்களும் விடைகளும் பெரும்பாலும் மறந்திருக்கும். தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கும், ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் மறந்திருக்காது. ‘அரசன் நடந்தான்’ என்று எழுத்து சொல்லி முடித்துவிடும். எவ்வளவு பாரத்தோடு, எப்பேர்ப்பட்ட இருட்டில் என்பதைப் படத்தில்தான் கண்டோம். அதை எழுத்துக் கூட்டத் தெரியாத தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கண்டான்.

தனியாகப் படிக்கப் பழகுவது பெரிய விடுதலைதான். ஆனால் சேர்ந்து பார்ப்பதை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் புத்தகம் வாங்கும்போது கடைக்காரர் பிள்ளையின் வயதைக் கேட்பார். அந்தப் பிள்ளையோடு கூட உட்காரப் போவது யார் என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.