உட்கட்சிப் பூசலும் மக்களின் சினமும்

மக்களாட்சியிற் கட்சி என்பது யாருக்காக உள்ளது என்ற வினா, கட்சிகள் அமைதியாயிருக்கும் காலத்தில் எழுவதில்லை. கட்சியொன்று தலைமையின் பொருட்டுத் தன்னவரோடு தானே பொருதும் வேளையிலேயே அது எழுகின்றது. 2022ஆம் ஆண்டின் கோடையிற் பிரித்தானிய மக்கள் அத்தகைய வேளையொன்றைக் கண்டனர். ஆள்வோர் தம் வீட்டுச் சண்டையில் மூழ்கி நாட்டை மறந்தனர் என்ற சலிப்பும் சினமும் அங்கு பரவின. அச்சினம் நியாயமானதா? உட்கட்சிப் பூசல் எக்காலத்தும் மக்களுக்கு இழைக்கப்படும் தீங்குதானா? இவ்வினாக்களை அறநோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் காண்போம். 2019 டிசெம்பரில் 80 ஆசனப் பெரும்பான்மையோடு வெற்றிபெற்ற போறிஸ் ஜோன்சன், பெருந்தொற்றுக் காலத்தில் தம் அரசு விதித்த சட்டத்தைத் தாமே மீறியமைக்காக 2022 ஏப்ரலில் தண்டப்பணம் விதிக்கப்பெற்றார். யூன் 6ஆந் திகதி கொன்சவேட்டிவ் பாராளுமன்ற உறுப்பினர்கள் நடத்திய நம்பிக்கை வாக்கெடுப்பில் 211 பேர் அவரை ஆதரித்தனர். 148 பேர் எதிர்த்தனர். ஒரு மாதங் கழித்து அமைச்சர்கள் அணியணியாகப் பதவி துறக்க, யூலை 7ஆந் திகதி அவர் விலக இணங்கினார். புதிய தலைவரின் பெயர் செப்ரெம்பர் 5ஆந் திகதியே அறிவிக்கப்பட்டது.

இடைப்பட்ட இரண்டு மாதங்களே மக்களின் சினத்திற்கு ஊற்றுக்கண்ணாயின. யூலையிற் பணவீக்கம் 10 வீதத்தைத் தாண்டியது. சாதாரண குடும்பமொன்றின் ஆண்டு எரிசக்திச் செலவுக்கான உச்சவரம்பு 1,971 பவுணிலிருந்து 3,549 பவுணாக உயருமென ஓகஸ்ட் 26ஆந் திகதி அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதா, உணவு வாங்குவதா என்று ஏழைகள் அஞ்சியிருந்த அந்நாளில், பெரும் நிதித் தீர்மானங்களை அடுத்த பிரதமரே எடுக்கவேண்டும் எனக் கூறி அரசு ஒதுங்கி நின்றது. அடுத்த பிரதமராக விழைந்தோரோ கட்சி அங்கத்தவரின் உள்ளங்களைக் கவர்வதில் ஈடுபட்டிருந்தனர். காவற்காரர் இருவர் தலைமைக்காக வாதிட, வீடு காவலற்றுக் கிடந்தமை போன்ற நிலை அது.

இதனைக் கொண்டு உட்கட்சிப் பூசல் அனைத்தும் தீதென முடிவு செய்யலாமா? வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1940 மே 7ஆம் 8ஆந் திகதிகளில், நோர்வேயில் நேர்ந்த போர்த் தோல்வி பற்றிப் பொதுச்சபை விவாதித்தது. பிரதமர் நெவில் சேம்பர்லினைக் கடுமையாகக் கண்டித்தோருள் முதன்மையானவர் அவருடைய கட்சியையே சேர்ந்த லியோ அமெரி ஆவார். 200க்கு மேற்பட்ட பெரும்பான்மை கொண்டிருந்த அரசு, 281க்கு 200 என்ற வாக்குகளாலேயே தப்பியது. மே 10ஆந் திகதி சேர்ச்சில் பிரதமரானார். பகைவன் வாயிலில் நிற்கையிலே கட்சிக்குள் எழுந்த கலகம் அது. எனினும், நாட்டைக் காத்த செயலாகவே அது மதிக்கப்படுகின்றது. அன்று கட்சி ஒற்றுமை பேணப்பட்டிருப்பின் அவ்வொற்றுமையே பெருந்தீங்காய் முடிந்திருக்கும்.

ஆகவே, பூசல் என்ற ஒரு சொல்லால் இருவேறு பொருள்களை நாம் குறிக்கின்றோம் எனல் வேண்டும். திருக்குறளின் பொருட்பால் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துள்ளது. உட்பகைக்கென ஓர் அதிகாரம் வகுத்து அதன் கேட்டை எடுத்துரைக்கும் அந்நூலே, பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், கடிந்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசன் பகைவர் இல்லாதவிடத்தும் கெடுவான் என அறிவுறுத்துகின்றது. உட்பகை வேறு, இடித்துரைத்தல் வேறு. முன்னையது தன்னலங் கருதியது; பின்னையது பொதுநலங் கருதியது.

இங்கு ஒரு தடை எழலாம். மனிதரின் உள்ளக் கருத்தை எவரே அறிவர்? இடித்துரைப்பவனுக்கும் பதவியாசை இருத்தல் கூடும். சேர்ச்சிலிடம் அது இல்லாமலில்லை. இத்தடை வலிமையுடையதே. எனவே, உள்ளத்தை விடுத்து, வெளிப்படையாகக் காணத்தக்க இரண்டினைக் கொண்டே தலைமைப் பூசலை மதிப்பிடல் தகும். பூசலுக்கான காரணம் பொதுமக்கள் முன்னிலையில் நாணமின்றி எடுத்துரைக்கத்தக்கதா என்பது ஒன்று. பூசல் நிகழுங் காலத்தில் ஆட்சிக் கடமை வழுவாது நிறைவேற்றப்படுகின்றதா என்பது மற்றொன்று.

இவ்விரு அளவுகோல்களையும் 2022ஆம் ஆண்டு நிகழ்வுக்குப் பொருத்திப் பார்ப்போம். சட்டத்தை இயற்றியவரே அதனை மீறினார் என்பது எவர் முன்னும் சொல்லத்தக்க காரணம். பதவி துறந்த அமைச்சர்களை நாட்டைக் கைவிட்டவர்கள் எனப் பழித்தல் பொருந்தாது. கேட்கவேண்டியது, ஏப்ரலிலேயே வெளிப்பட்ட காரணத்திற்கு யூலை வரை ஏன் காத்திருந்தனர் என்பதே. இரண்டாம் அளவுகோலிலோ அக்கட்சி முற்றாகத் தவறியது. 1990 நவம்பர் 22ஆந் திகதி மார்கரெட் தச்சர் விலகல் அறிவித்தபோது, 28ஆந் திகதி ஜோன் மேஜர் பிரதமராகிவிட்டார். அன்று ஒரு வாரத்தில் முடிந்தது, 2022இல் இரண்டு மாதம் நீண்டது.

இவ்வேறுபாட்டின் காரணம் தேர்வு முறையிலே உள்ளது. 1990இல் பாராளுமன்ற உறுப்பினர்களே தலைவரைத் தெரிந்தனர். பின்னர், இறுதி இருவருள் ஒருவரைத் தெரியும் உரிமை கட்சி அங்கத்தவர்க்கு வழங்கப்பட்டது. 2022இல் உறுப்பினர்களின் இறுதிச் சுற்றில் ரிஷி சுனக் 137 வாக்குகளும் லிஸ் ட்ரஸ் 113 வாக்குகளும் பெற்றனர். அங்கத்தவரோ ட்ரஸுக்கு 81,326 வாக்குகளும் சுனக்குக்கு 60,399 வாக்குகளும் அளித்தனர். பிரதமரை மக்கள் நேரே தெரிவதில்லை; பொதுச்சபையின் நம்பிக்கையே அவரது அதிகாரத்தின் அடிப்படை. சோல்பரி யாப்பின் வழியே நம் நாடும் அறிந்த மரபு இது. எனினும், பிரதிநிதி தன் பகுத்தறிவினை மக்களுக்குக் கடன்பட்டுள்ளான் என 1774இல் எட்மன்ட் பேர்க் பிறிஸ்ரல் வாக்காளர்க்கு உரைத்த கொள்கையை நோக்கின், இங்கு ஒரு முரண் புலனாகும். பாராளுமன்ற உறுப்பினன் அடுத்த தேர்தலில் மக்களுக்கு விடைகூற வேண்டியவன். கட்சி அங்கத்தவன் எவர்க்கும் விடைகூற வேண்டியவனல்லன். நாலு கோடிக்கு மேற்பட்ட வாக்காளரின் பிரதமரை, பொறுப்புக்கூறாத ஒன்றரை இலட்சத்துக்குட்பட்டோரின் வாக்குகள் தீர்மானித்தமை சட்டப்படி சரியே. அறப்படி அது நெருடலானது.

விளைவு விரைந்து வந்தது. செப்ரெம்பர் 23ஆந் திகதி, ஈடுசெய்ய வழி காட்டாத பெரும் வரிக்குறைப்புகளைப் புதிய அரசு அறிவித்தது. பவுணின் பெறுமதி வீழ்ந்தது. கடன்பத்திரச் சந்தையைத் தாங்க இங்கிலாந்து வங்கி தலையிட நேர்ந்தது. ஒக்ரோபர் 20ஆந் திகதி ட்ரஸ் விலகல் அறிவித்தார். 25ஆந் திகதி சுனக் பிரதமரானார். கோடை முழுதும் உறங்கிய மக்களின் தீர்ப்பு 2024 யூலை 4ஆந் திகதி வெளிப்பட்டது. 365 ஆசனங்களோடு வென்ற கட்சி 121 ஆசனங்களாய்ச் சுருங்கியது.

எனவே மக்களின் சினம் நியாயமானது. ஆயின் அது சரியான இலக்கை நோக்கவேண்டும். பூசலிட்டமைக்காகச் சினந்தால், அடுத்த கட்சி தன் குற்றங்களை ஒற்றுமை என்னும் போர்வையால் மூடிக்கொள்ளும். அமெரி போன்றோர் வாய்திறக்க அஞ்சுவர். காலந்தாழ்த்திப் பூசலிட்டமைக்காகவும், பூசலின்போது கடமையைக் கைவிட்டமைக்காகவும் சினந்தால், அச்சினம் ஆள்வோரைத் திருத்தும் ஆற்றலாகும். எல்லாக் கட்சியினரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் எனச் சலித்து ஒதுங்குதல் எளிது. எது உட்பகை, எது இடித்துரை எனப் பகுத்தறிதல் அரிது. அவ்வரிய பணியை மக்கள் கைவிடுவராயின், அதனைத் தம் நலத்திற்கேற்பச் செய்து முடிக்கக் கட்சிகள் காத்திருக்கின்றன.