கீழ்த்தளம்

சிங்கப்பூர், தோ பாயோ. மகள் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடியில். இந்த நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குக் கழக வீடுதான். கட்டடத்தின் அடியில் வீடு கிடையாது, தூண்கள் மட்டும். காற்று தாராளமாக வரும். அவள் வேலைக்குப் போனபின் என் பொழுது அங்கேதான்.

*

கல்மேசைக்கு எதிரே ஒரு சீனப் பெரியவர் வந்து உட்காருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மழை பிடித்தால் இருவரும் வானத்தைப் பார்ப்போம். அதுவே போதுமாக இருந்தது.

*

ஒரு சனிக்கிழமை மலாய்க் கல்யாணம்: கொம்பாங் மேளம், பிரியாணி வாசனை. பிறகு அதே தூண்களுக்கிடையே சீனர் வீட்டு இழவு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து, எரிப்பதற்காகக் காகிதத்தைத் தங்கக்கட்டிபோல் மடிக்கிறார்கள். வந்தவர்களுக்கு வேர்க்கடலை, மிட்டாய், சிவப்பு நூல். பெரியவர் கைகாட்டிக் கூப்பிட, நானும் ஒரு நூலை எடுத்துக்கொண்டேன். "வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்கப்பா, வழியிலேயே போட்டுடணும்" என்றாள் மகள். இழவுக்குப் போய்வந்து தலைமுழுகிப் பழகியவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

*

எங்கள் மணலூர்பேட்டையில் தென்பெண்ணை மணலும் இப்படித்தான். தை 5ஆம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். மணல் தெரியாத கூட்டம். மற்ற நாட்களில் அதே கரையில் யாராவது காரியம் செய்துகொண்டிருப்பார்கள். தனக்கென்று இல்லாத இடம் ஒன்று நல்லதுக்கும் கெட்டதுக்கும் வேண்டியிருக்கிறது. ஆற்றில் யாரையும் கேட்க வேண்டாம். இங்கே முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும். பந்து விளையாடாதே என்று பலகையும் உண்டு.

*

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக. சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, பலர் போனில் முகம் பார்த்தபடி. கட்டட வேலைக்கு வந்தவர்கள். பலருக்கு ஜாகை ஊருக்கு ஒதுக்குப்புறமான தங்கும் விடுதியில். வேலைக்குப் போவது லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து.

"எந்த ஊருங்க ஐயா?" என்றான் ஒருவன். சொன்னேன். அவன் சங்கராபுரம் பக்கம். மகள் வீட்டைப் பற்றிச் சொன்னதும் சிரித்தான். "அந்த மாதிரி வீட்டுக்குத்தாங்க டைல்ஸ் ஒட்டறேன். வேலை முடிஞ்சு ஆளுங்க குடிவந்தப்புறம் உள்ள போனதில்ல."

*

நான் இந்த ஊரைப் பார்ப்பது மகள் வீட்டுத் தகப்பனாக, சம்பளக் கவலை இல்லாமல். இங்கே இதமாக இருந்தது என்று எழுதினால், யாருக்கு என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.