விலகியவரின் பிராயச்சித்தம்

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. அத்தோடு அசாஹி ஷிம்புன் நாளேட்டிலிருந்து முப்பது வயது நிருபர் ஒருவர் வேலையை விட்டார். முனோ தகேஜி என்பது அவர் பெயர். 1942இல் ஜாவாவுக்குப் போர்ச் செய்தியாளராகப் போய் வந்தவர். போரை ஊதிப் பெருக்கிய ஏட்டில் இருந்தவன் நேற்றுவரை ஒன்று எழுதிவிட்டு, நாளை முதல் அதே மேசையில் உட்கார்ந்து வேறொன்று எழுதக்கூடாது என்பது அவர் மனச்சாட்சி. மனைவி மக்களோடு சொந்த மாகாணமான அகிதாவுக்குத் திரும்பினார். 1948 பிப்ரவரியில், பனி கொட்டும் யொகோதே ஊரில் ‘தைமாட்சு’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். தீப்பந்தம் என்று பொருள். 1978 வரை 780 இதழ்கள் வந்தன.

அது புதுப் பத்திரிகைகள் முளைத்த காலம். போருக்காக ஒரு மாகாணத்துக்கு ஓர் ஏடு என்று அரசு முன்பு சுருக்கி வைத்திருந்தது. சரணடைவுக்குப் பின் வந்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் புதியவர்களை ஊக்குவித்து, பங்கீட்டுக் காகிதத்தில் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. பெரும்பாலானவை நிலைக்கவில்லை. காசும் காகிதமும் பழைய பெரிய ஏடுகளின் பக்கமே மறுபடி சாய்ந்தன.

என்னை உறுத்துவது அந்தக் கணக்கன்று. பிராயச்சித்தம் எங்கே நடக்க வேண்டும் என்ற கேள்விதான். தோல்விக்குப் பிறகு பிரதமரான ஹிகாஷிகுனி, நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து மனம் வருந்த வேண்டும் என்றார். ஊரே குற்றவாளி என்றால் யாரைப் போய்க் கேட்பது? கியோட்டோவின் தத்துவப் பேராசிரியர் தனாபே ஹஜிமே இதைவிட ஆழமாகப் போனார். போர்க்காலத்தில் அரசை எதிர்த்துப் பேசவும் முடியாமல், மௌனமாக இருக்கவும் மனம் ஒப்பாமல் தவித்தவர் அவர். மனம் வருந்துவதுகூடத் தன் முயற்சியால் ஆவதில்லை, தன்னைக் கடந்த ஓர் அருளால் நேர்வது என்று பௌத்த ஞானி ஷின்ரானின் வழியில் சிந்தித்தார், 1946இல் நூலாக்கினார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தச் சிந்தனையில், உடைந்துபோன மனிதனைக் காணும் அளவுக்கு அவனை நம்பி ஏமாந்தவனைக் காண முடியவில்லை.

நான் நாளேடு ஒன்றில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவன். பிழை எந்த ஏட்டில் வந்ததோ அந்த ஏட்டில்தான் திருத்தமும் வர வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். வேறிடத்தில் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், பொய்யைப் படித்தவர் கையில் அது போய்ச் சேராது. யொகோதேயின் உழவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் முனோ கொடுத்தது பெரிய கொடைதான். எழுதியதைப் பற்றி வாசகன் தெருவில் நிறுத்திக் கேட்கக்கூடிய தூரத்தில் அவர் வாழ்ந்தார். தலைநகரத்து ஏடுகளுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. என்றாலும் அசாஹியை நம்பி மகனைப் போருக்கு அனுப்பியவர்கள் நாடெங்கும் இருந்தார்களே! அந்த ஏடு 1945 நவம்பர் 7இல், இனி மக்களோடு நிற்போம் என்று சுருக்கமாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தலைமையில் இருந்தவர்கள் விலகினார்கள். மகனை அனுப்பிய அந்த வீடுகளுக்கு அது போதுமா?

முதுமையில் முனோவே, விலகியிருக்கக் கூடாது, உள்ளே இருந்து போரின் உண்மையை எழுதியிருக்க வேண்டும் என்று சொன்னார். அவர் தன்மீது தேவைக்கு மேல் கடுமை காட்டுகிறார் என்றே முதலில் தோன்றும். உள்ளே இருந்திருந்தாலும் எழுத விட்டிருப்பார்களா? ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1945 செப்டம்பரில் கொண்டுவந்த பத்திரிகை விதிகளின் முதல் விதி, செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்றது. அதே விதிகள் நேச நாடுகளை விமர்சிக்கவும் தடுத்தன. பெரிய ஏடுகள் 1948 நடுப்பகுதி வரை, அச்சேறும் முன்பே பக்கங்களைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டியிருந்தது. வெட்டிய இடத்தில் வெற்றிடமோ கறுப்பு மையோ தெரியக் கூடாது. அணுகுண்டு பற்றி எழுத நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் ஜப்பானியப் படை செய்ததை எழுத அந்தத் தணிக்கை குறுக்கே நிற்கவில்லை. 1945 டிசம்பரில், நான்ஜிங், மணிலா படுகொலைகள் உட்பட அந்தப் போரின் வரலாற்றை ஆக்கிரமிப்பு நிர்வாகமே எழுதி எல்லா ஏடுகளிலும் தொடராக வெளியிடச் செய்தது. வென்றவன் எழுதிக் கொடுத்ததை மக்கள் எப்படிப் படித்திருப்பார்கள்? போர்முனைக்குப் போய் வந்தவன், தான் கண்டதையும் அன்று மறைத்ததையும் தன் பெயரோடு அதே பக்கத்தில் எழுதியிருந்தால் அதற்கு வேறு கனம் இருந்திருக்கும். அதற்கு வழி திறந்தே இருந்தது. முனோவின் விலகலை உலகம் போற்றுகிறது. அந்த முதுமைக்கால வருத்தம்தான் அதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.