மழை நாளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை

வெளியே மழை, வீட்டுக்குள் அடைபட்ட குழந்தை. அழுகையை நிறுத்தக் கைபேசியை நீட்டுவது எளிது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: 2 வயது நிறையும்வரை திரையே வேண்டாம்; 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குமேல் கூடாது.

பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். இரு வரிசையில் 14 குழிகள். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள். அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகையில் விரல்கள் பழகும், எண்ணிக்கை மனத்தில் பதியும், தன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வரும். பலகை இல்லையா? தரையில் சாக்பீஸால் 14 வட்டங்கள் போட்டால் போதும்.

மூன்று வயதுக்குட்பட்டவர்கள் கொட்டையை விழுங்கிவிடலாம். அவர்களுக்குக் கிண்ணமும் கரண்டியும் கொடுங்கள். தட்டி, கவிழ்த்து, அடுக்கி, அவர்களே ஒரு விளையாட்டை உண்டாக்கிக்கொள்வார்கள்.

எந்த விளையாட்டானாலும் குழந்தைக்கு முதலில் வேண்டியது, எதிரே உட்கார ஒரு பெரியவர். இன்று அரை மணி நேரமாவது உங்கள் கைபேசியையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் குழந்தையோடு தரையில் உட்காருங்கள்.